பூசைக்கு முன் ஒரு சொட்டு

புது மருந்து வந்திருக்கிறது என்று கண் டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, தோளில் துணிப்பை, பைக்குள் விரல் நீளம்கூட இல்லாத ஒரு பாட்டில். கம்பியைப் பிடித்து நின்றபடியே எங்கள் பேட்டையான தேக்கா வரைக்கும் வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மாமா, "உக்காரும்மா, புள்ள தூங்கிடுச்சு" என்று இரண்டு தடவை சொன்னார். உட்கார்ந்தால் பையும் குழந்தையும் மடியில் வரும், பாட்டில் நசுங்கிவிடும் என்று எனக்கு ஒரு பயம். பிளாஸ்டிக் பாட்டில் அப்படியெல்லாம் நசுங்காது. ஆனாலும் அன்று நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் என்னால் உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.

மாமா என்றால் என் மாமனார். எண்பதுகளின் தொடக்கம் அது. தேக்காச் சந்தை சாலையின் எதிர்ப்பக்கத்துப் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. அதை ஒட்டிய அடுக்குமாடியில் பதினோராம் மாடி எங்கள் வீடு. அத்தை நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் இருந்தால் தூங்குவார், இரவில் இருக்கமாட்டார், அடுத்த வாரம் தலைகீழாக மாறும். ஆக, குழந்தை, மாமா, மாமாவின் கண் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. நான் பள்ளிப்படிப்பு முடித்துக் கொஞ்ச காலம் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். படித்த மருமகள் என்று மாமா நாலு பேரிடம் சொல்லிவைத்திருந்தார். அதனாலேயே எதைச் செய்தாலும் சரியாகச் செய்கிறேனா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

மாமா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். அவருடைய கண் நோயை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, பஸ்ஸின் இரும்புக் கம்பிதான். இடது பக்கத்துக் கம்பியில் அடிக்கடி தோள் இடிக்கும். டிரைவர் பிரேக் போடுவது சரியில்லை என்று திட்டுவார். ஒரு நாள் பஸ் நின்றுகொண்டிருக்கும்போதே இடித்துக்கொண்டார். யாரையும் திட்ட வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நீல விளக்கைக் கண்ணருகே கொண்டுவந்து அளந்து பார்த்து, கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி நரம்பை நசுக்கியிருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் முக்கால்வாசி போய்விட்டது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓசைப்படாமல் போயிருக்கிறது. போனது இனி வராது. வலது கண்ணிலும் ஓரத்தில் அரிக்கத் தொடங்கியிருந்தது.

முதலில் கொடுத்த மருந்தை ஒரு நாளைக்கு நான்கு முறை விட வேண்டும். அதை விட்டால் கண்மணி கடுகளவு சுருங்கிவிடும். "வெளிச்சத்துலேர்ந்து பஸ்ஸுக்குள்ள ஏறினா கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி இருக்கும்மா" என்பார். புருவத்துக்கு மேலே தலைவலி வேறு. இவ்வளவு பாடுபட்டும் வலது கண்ணின் அழுத்தம் இருபத்தொன்பதுக்குக் கீழே வரவில்லை. இருபத்தொன்றுக்குள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். புது மருந்தும் கேட்காவிட்டால் வலது கண்ணில் அறுவை சிகிச்சைதான்.

"இருக்கறதே ஒண்ணு, அதுலயும் கத்தியா?" என்று மாமா சன்னமான குரலில் கேட்டார். அதை நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. டாக்டருக்கு அவர் முகமே போதுமாக இருந்தது.

டாக்டர் சீனப் பெண்மணி. பொறுமையாகப் பேசுவார். நான் மொழிபெயர்ப்பேன். கண்ணுக்குள்ளே தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது என்றார். கண்மணிக்குப் பின்னால் ஊறி, கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற ஒரு வழியில் வடிந்துவிடும். மாமாவுக்கு அந்தச் சல்லடை சரியாக வேலை செய்யவில்லை. ஊறுவது ஊறிக்கொண்டே இருக்கிறது, வடிவது குறைந்துவிட்டது. அதனால்தான் அழுத்தம். பழைய மருந்து, சல்லடையை இழுத்துத் திறந்துவிடப் பார்க்கும். அதோடு சேர்ந்து கண்மணியும் இறுகிப்போகும். புது மருந்து வடிகாலைத் தொடுவதே இல்லை. நீர் ஊறும் இடத்திலேயே கைவைத்து, ஊறுவதைக் குறைக்கிறது. கண்மணி சுருங்காது. நாளைக்கு இரண்டு முறை போதும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பள்ளியில் கண்ணைப் பற்றிப் படம் வரைந்து பெயர் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்துக்குள் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வெளியே ஒரு சொட்டு விட்டால், உள்ளே ஊற்று அடங்குகிறது. குழந்தையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு வேகவேகமாக மொழிபெயர்த்தேன்.

மாமா கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நல்லா அழுதா கொறையுமா? கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். கண்ணீர் வேறு, அது வெளியே சுரப்பது, உள்ளே ஊறும் நீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எவ்வளவு அழுதாலும் உள்ளே குறையாது என்றார்.

"அதான்," என்றார் மாமா. "ஒங்க அத்தை போனப்ப அவ்வளவு அழுதும் ஒண்ணும் கொறையல."

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, வடிகால் ஓட்டையைக் கையால் பாதி மூடி, மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர் ஏறியது. குழாயைக் கொஞ்சம் திருகிக் குறைத்தேன். கை அப்படியே இருக்க, தண்ணீர் இறங்கியது. தூங்கி எழுந்து வந்த என் கணவர் வாசலில் நின்று, "என்ன டாக்டரம்மா, தொட்டிக்கு ஆபரேஷனா?" என்றார். நான் அவரையும் பிடித்து நிறுத்தி முதலிலிருந்து காட்டினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்போம், அவருக்கும் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சந்தையில் மீன்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர் இந்த ஊர்ப் பேச்சு வழக்கில் "அப்படியா, லா" என்று ஆச்சரியப்பட்டு, வாங்கின மீனை வெட்டாமலே சுற்றிக் கொடுத்துவிட்டார்.

சொல்வது சுலபம். விடுவதுதான் பெரும்பாடு.

பழைய மருந்தை மாமா தானே விட்டுக்கொள்வார், ஆனால் அது அவருக்குச் சரியாக வராது. சொட்டு மூக்கில் விழும், இல்லாவிட்டால் சட்டையில் விழும். இந்த மருந்தை நான்தான் விட வேண்டும் என்று ஆனது. மாமாவின் சட்டையைத் துவைத்திருக்கிறேன், தட்டில் சோறு போட்டிருக்கிறேன், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் முகத்தைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரைத் தொட்டுப் பேசுவதில்லை, எதிரே கால் நீட்டி உட்காருவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை, அப்படித்தான் இருந்தோம். இப்போது அவர் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்கார, நான் ஒரு முழ உயரத்தில் பாட்டிலைப் பிடித்துக் குறிபார்த்தேன். முதல் சொட்டு நெற்றியில். அடுத்தது மீசையில். அவரோ நான் கிட்டே வந்தாலே மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொள்வார்.

"மாமா, கண்ணத் தொறந்து வெச்சிக்கங்க."

"தொறந்துதாம்மா இருக்கேன்."

"மூடியிருக்கீங்க மாமா."

"அப்படியா? நீ மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே."

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். கீழ் இமையை அவரே விரலால் இழுத்துப் பிடிப்பார். நான் பின்னால் நின்று, பாட்டிலின் முனை இமையில் படாமல், அந்தக் குழியில் ஒரு சொட்டு விடுவேன். காலை ஆறுக்கு ஒன்று, மாலை ஆறுக்கு ஒன்று. காலைச் சொட்டு விழுந்ததும் மாமா எழுந்து முகம் கழுவிக்கொண்டு எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புறப்படுவார். தினமும் ஆறரைப் பூசை; அதில் ஃபாதர் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்காமல் வரமாட்டார். பூசை முடிந்து அப்படியே வேலைக்குப் போய்விடுவார்.

எனக்கு இன்னொரு கவலை இருந்தது. இந்த மருந்து நெஞ்சுத்துடிப்பை மெதுவாக்கலாம், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லி, அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே, போன வருஷம் மழை நாட்களில் மாமா இரண்டு வாரம் இருமினாரே, அது எந்தக் கணக்கில் வரும் என்று தோன்றிவிட்டது. அன்று இரவு ஷிப்டில் இருந்த கணவரைப் பட்டறைக்குத் தொலைபேசி போட்டுக் கூப்பிட்டேன். அவர் அரண்டுபோய் போனுக்கு ஓடி வந்து, "புள்ளைக்கு என்ன?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அது சளிடி. எங்கப்பாவுக்கு வீசிங் கீசிங் ஒண்ணும் கெடையாது. நான் வெல்டிங்கப் பாதியில வுட்டுட்டு வந்திருக்கேன்" என்றார். அதற்குப் பிறகும் மாமா லிப்ட் நிற்கும் மாடியிலிருந்து படி ஏறி வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று அவர் மூச்சைக் கேட்டேன். குழந்தையின் மூக்குச் சொட்டு மருந்தும் அதே அளவு பாட்டில். மாறிவிடக்கூடாதே என்று மாமாவின் பாட்டிலில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் நழுவிவிட்டால் என்ன செய்வது என்று அதை வேறு அலமாரியில் வைத்தேன். கை தவறுமோ என்று அந்த அலமாரியைப் பூட்டவும் செய்தேன்.

மாமாவோ குதூகலமாக இருந்தார். தலைவலி போய்விட்டது. "பஸ்ஸுக்குள்ள மூஞ்சியெல்லாம் தெரியுதும்மா. டிக்கெட் எடுக்காதவன் முழியே தனி, அது இப்ப தெரியுது" என்றார். அழுத்தம் இறங்கியே தீரும் என்று நாங்கள் இருவரும் முடிவே செய்துவிட்டோம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழந்தையை மக்சிக்கிடம் விட்டுவிட்டு, நான் பட்டுப் புடவை மட்டும்தான் கட்டவில்லை.

இருபத்தேழு.

டாக்டர் மறுபடி அளந்தார். இருபத்தேழுதான். கண்ணில் விட்ட மஞ்சள் சாயம் மாமாவின் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "இந்த மருந்துக்கு இது போதாது, இன்னும் நன்றாக இறங்கியிருக்க வேண்டும்" என்று டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சரியாக விடுகிறீர்களா?" என்று கேட்டார். கோபமே இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடலாம் என்றார்.

அந்த ஒரு கேள்வி என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்லி முடியாது. சரியாக விடுகிறேனா? சொட்டு முழுதாக விழுகிறதா, பாதி இமையில் தங்கிவிடுகிறதா? பாட்டிலைக் குலுக்க வேண்டுமோ, குலுக்கக்கூடாதோ? சமையலறைச் சூட்டில் மருந்து கெட்டுவிட்டதோ? வெயில் படாமல் வைக்கச் சொன்னார்கள். பூட்டின அலமாரி அடுப்புக்கு மேலேதான் இருந்தது. மேலும் இரண்டு நாள், சொட்டு விழும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். குழிக்குள் நன்றாகத்தான் விழுந்தது. மாமா கண்ணை மூடினார். எழுந்தார். குளியலறைக்குப் போனார்.

மூன்றாம் நாள் துண்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கதவு திறந்திருந்தது. மாமா குழாயடியில் குனிந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துப் பிடித்து, திறந்த கண்ணுக்குள் அடித்துக்கொண்டிருந்தார். முகம் கழுவுகிற மாதிரியே இல்லை. கண்ணை மட்டும் கழுவினார். ஒரு தடவை, மறுபடி, மறுபடி. பிறகு வாயையும் கொப்பளித்துத் துப்பினார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். வலது கண் சிவந்து தண்ணீர் சொட்டியது.

"ஒண்ணுமில்லம்மா. கசப்பு எறங்குது."

"என்ன கசப்பு?"

"மருந்துதான். கண்ணுல விட்டா கொஞ்ச நேரத்துல தொண்டைக்கு வந்துடுது. நன்மை வாங்கப் போறேன்ல. வயித்துக்குள்ள எதுவும் போவக்கூடாது. அதான் அது எறங்கறதுக்குள்ள கழுவிடறது."

"தெனமுமா?"

"தெனமும்தான் பூசைக்குப் போறேன்."

துண்டை அவரிடம் நீட்டினேன். எனக்கு வந்தது கோபமா, சிரிப்பா, நிம்மதியா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொட்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அது உள்ளே இறங்கி வேலை தொடங்குமுன் மாமா அதைச் சாக்கடையில் விட்டிருக்கிறார். பகல் முழுக்க ஊற்று திறந்தபடியே இருந்திருக்கிறது. மாலைச் சொட்டு ஒன்றுதான் தனியாக மல்லுக்கட்டியிருக்கிறது.

"மாமா, அதெல்லாம் பழைய சட்டம். இப்ப நன்மைக்கு முன்னால ஒரு மணி நேரம் சாப்பிடாம இருந்தாலே போதும். அதுலயும் மருந்துக்குத் தடையே கெடையாது. ஃபாதர்கிட்ட வேணும்னா கேளுங்க."

"ஃபாதர் பரவால்லன்னுதான் சொல்வாரு. அவரு சின்னப் புள்ள, எல்லாத்துக்கும் பரவால்லம்பாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் சின்ன வயசுல புதுநன்மை வாங்கின நாள்லேர்ந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல பச்சத்தண்ணி குடிக்காமப் போறவன்மா. சட்டம் மாறிடுச்சு, சரி. எனக்கு மாறல."

"அப்ப பூசை முடிஞ்சப்பறம் விட்டுக்கலாமே."

"எங்க விட்டுக்கறது? பூசை முடிஞ்சு நேரா டிப்போ. அங்க ஒருத்தன்கிட்டக் கண்ணக் காட்டி மருந்து விடுடான்னு சொல்லவா? இன்ஸ்பெக்டருக்குக் கண்ணு போச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லா டிரைவருக்கும் தெரிஞ்சுடும்."

இதற்கு மேல் மாமனாரிடம் எப்படி வாதாடுவது? கோயிலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடியுமா? நன்மை வாங்காதீர்கள் என்று சொல்லலாமா? அவர் புறப்பட்டுப் போன பிறகு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே யோசித்தேன். கண்ணில் விடுவது தொண்டைக்கு எப்படி வருகிறது? வருகிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. வழி இருந்தால் அதை அடைக்கவும் முடியும். இந்த எண்ணம் வந்ததும் குழந்தை ஏப்பம் விடக்கூட நான் காத்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அன்று எங்களுக்கு நாள் குறிக்கவில்லை. சும்மா வந்து கேள்வி கேட்டால் விரட்டுவார்களோ என்று வாசலில் தயங்கி நின்றேன். கண் கிளினிக்கில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார். நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும், "என்னா, அங்கிள் வரலியா? புள்ளைக்கா கண்ணு?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"அடக் கடவுளே, மருந்தக் கழுவுறாரா? டாக்டரும் நாங்களும் இங்க தலையப் பிச்சிக்கிட்டு இருக்கோம்."

"சிரிக்காதீங்க மிஸ்ஸி. அந்தக் கசப்பு தொண்டைக்கு வராம பண்ண முடியுமா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். தன் மூக்கை ஒட்டி, கண்ணின் உள்மூலையில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க ஒரு ஓட்டை இருக்கு. கண்ணீர் போற வழி. அழுதா மூக்கு ஒழுகுதுல்ல, அது இது வழியாத்தான். மருந்தும் இதுலதான் எறங்கி மூக்குக்குப் போயி தொண்டைக்கு வருது. சொட்டு விட்ட ஒடனே கண்ண மூடிக்கிட்டு இந்த எடத்த நல்லா அமுக்கிப் புடிக்கணும். கொஞ்ச நேரம் புடிச்சா கீழ எறங்காது. மருந்தும் கண்ணுலயே தங்கும், லா. அவருக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது."

"நெஞ்சுக்கு?"

"அதுக்கும் நல்லதுதான். மூக்கு வழியா எறங்குறதுதான் ரத்தத்துல போய்ச் சேருது. எறங்கலன்னா அதுவும் கொறையும்."

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கழுவுவதற்குப் பதில் அமுக்குவது. மாமாவுக்குக் கசப்பு வேண்டாம், டாக்டருக்கு மருந்து கண்ணில் நிற்க வேண்டும், எனக்கு நெஞ்சுத்துடிப்புக் கவலை. மூன்றுக்கும் ஒரே விரல். குழந்தை அவருடைய வெள்ளைத் தொப்பியைப் பிடித்து இழுத்தது. நான் மன்னிப்புக் கேட்காமலே, "எவ்வளவு நேரம் மிஸ்ஸி? எவ்வளவு அழுத்தி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து என் கண்மூலையிலேயே வைத்துக் காட்டினார். விரலுக்கடியில் ஒரு சின்ன எலும்பு விளிம்பு தட்டுப்பட்டது.

அன்று மாலைச் சொட்டு விடும் நேரத்தில் மாமாவிடம் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டார். பிறகு மூக்கின் நடுவில் அமுக்கினார்.

"அங்க இல்ல மாமா, மேல."

புருவத்தை அமுக்கினார்.

"அவ்வளவு மேல இல்ல. உள்ள, கண்ணு முடியற எடம்."

இமையை அமுக்கினார். சொட்டு முழுவதும் கன்னத்தில் வழிந்துவிட்டது. என் கணவர் சோபாவில் படுத்தபடி, "நீயே காட்டிக் குடேன், வாயால எவ்வளவு நேரம் சொல்லுவ?" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "காட்டும்மா" என்றார்.

புதுச் சொட்டு ஒன்று விட்டேன். சுட்டுவிரலை அவர் கண்ணின் உள்மூலையில் வைத்து, எலும்பு தட்டுப்படும் வரை மெதுவாக அழுத்தினேன். வயதான தோல் மிருதுவாக இருந்தது. "இங்கதான் மாமா." அவர் தன் விரலைக் கொண்டுவந்து என் விரல் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார். நான் கையை எடுத்துவிட்டேன். எவ்வளவு நேரம் பிடிப்பது என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்க்க இன்னொரு கண்ணைத் திறந்துவிடுவாரே என்று, "செபம் சொல்லிக் கணக்கு வெச்சுக்கங்க மாமா. ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லுங்க, அப்பறம் கொஞ்சம் அருள் நிறைந்த மரியேயும் சொல்லுங்க" என்றேன். உதடுகள் அசையத் தொடங்கின. நடுவில் வேகமாகச் சொல்லிவிடுவாரோ என்று சந்தேகம் வந்து, நானும் மனசுக்குள் கூடவே சொன்னேன். அவர் என்னைவிட நிதானமாகத்தான் சொன்னார்.

விரலை எடுத்துவிட்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தார். மறுபடி விழுங்கினார். நானும் என் கணவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வரல," என்றார்.

"என்ன வரல?"

"கசப்பு. வரவே இல்லம்மா." நாக்கை அண்ணத்தில் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல."

மறுநாள் காலையில் சொட்டு விட்டு, விரலை வைத்து, செபம் சொல்லி, விழுங்கிப் பார்த்து, குளியலறைப் பக்கம் திரும்பாமலே கோயிலுக்குப் போனார். நான் சன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே நடைபாதையில் நின்று ஒரு தடவை தொண்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார்.

அந்த ஒரு மாதம் எனக்குத் திருவிழாவுக்கு முந்தின நாட்கள் போல இருந்தது. ஆனால் கவலையும் விடவில்லை. விரல் சரியான இடத்தில்தான் இருக்கிறதா, மருந்துக்கே அவ்வளவுதான் வேகமா, இத்தனை நாள் கழுவி விட்டதில் நரம்பு இன்னும் கொஞ்சம் போயிருக்குமா என்று யோசனைகள். பகலில் பாத்திரம் கழுவும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நாள் வந்தது. டாக்டரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சொட்டு விட்ட பிறகு என்ன செய்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். மாமா தாடையைக் கருவியின் மேல் வைத்தார். நீல விளக்கு கண்ணருகே வந்தது. நான் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒரு சக்கரத்தைத் திருகினார், நிறுத்தினார், கொஞ்சம் பின்னால் திருகினார்.

"பதினேழு."

நான் மொழிபெயர்க்கவில்லை. என் வாயிலிருந்து ஆங்கிலத்தில் வேறொன்று வந்தது. "தயவுசெய்து இன்னொரு தடவை அளக்க முடியுமா?"

மிஸ்ஸி பின்னாலிருந்து, "என்னா இது, கொறஞ்சா கூட நம்ப மாட்டீங்களா?" என்றார். டாக்டர் இந்த முறை நன்றாகச் சிரித்தார். ஆனால் அளந்தார். பதினாறு. ஆபரேஷன் இப்போது வேண்டாம், இதே மருந்து, இதே மாதிரி, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

மாமாவுக்கு ஆங்கில எண்கள் தெரியும். எத்தனை வருஷம் டிக்கெட்டில் விலை பார்த்தவர். ஆனாலும் வெளியே நடைக்கூடத்துக்கு வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்றார்.

"பதினாறு மாமா. கத்தி வேணாமாம்."

"மொதல்ல பதினேழுன்னாங்களே?"

"ரெண்டாவது தடவை பதினாறு."

தலையாட்டிக்கொண்டார். மஞ்சள் சாயம் வழிந்த கன்னத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். நாற்காலிகளின் வரிசையைக் கடந்து, கம்பித் தடுப்பைத் தானே பார்த்து விலகி நடந்தார். படிக்கட்டருகே நின்றார்.

"அப்ப இனிமே விட வேணாம்ல? கொறஞ்சுடுச்சுல்ல."

"ஐயோ மாமா, அப்படி இல்ல. மருந்து இருக்கற வரைக்குந்தான் ஊத்து அடங்கியிருக்கும். அரை நாள் போனா மறுபடி ஊற ஆரம்பிச்சுடும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, விட்டுக்கிட்டேதான் இருக்கணும்."

"எது வரைக்கும்?"

"எப்பவும்."

"நான் சாவுற வரைக்குமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப ஒன்ன ஒங்கம்மா வீட்டுக்கு ஒரு ராத்திரி அனுப்ப முடியாது போலிருக்கே" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை. பிறகு படிக்கட்டைப் பார்த்தார். நான் கை கொடுக்கலாமா வேண்டாமா என்று வழக்கம்போல் நின்றுகொண்டிருக்க, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து வைத்து, எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார்.